வெங்காயம் உரிக்கும் கருவி செய்துவிட்டேன், இனி என்ன?

பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையால் சுற்றிச் சின்ன வெங்காயம் உரிக்கும் கருவி ஒன்றை வீட்டிலேயே செய்து வைத்திருக்கிறாராம். கரண்ட் வேண்டாம், அரை கிலோ வெங்காயத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கண்ணும் எரியவில்லை. வீட்டில் எல்லோரும் "உடனே பேடன்ட் எடு, பெரிய கம்பெனி எதற்காவது விற்றுவிடு" என்கிறார்கள். இதைத் தொழிலாக்குவது எப்படி, முதலில் எதைச் செய்வது, எவ்வளவு பணம் வேண்டும் என்பது அவர் கேள்வி.

நான் கோவையில் கணபதி பக்கம் ஒரு டூல் ரூமில் (அச்சுகள் செய்கிற பட்டறை) ஆரம்பித்து 22 வருடமாக மோல்டு, அதாவது பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கிற அச்சு, செய்யும் வேலையில் இருக்கிறேன். மற்றவர்களுக்கு மோல்டு செய்து கொடுத்ததோடு, நானே ஒரு பொருளைச் செய்து விற்று, முதல் தடவை நன்றாக அடி வாங்கி, இரண்டாம் தடவை நிமிர்ந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

தம்பி, முதலில் பாராட்டு. வேலை செய்கிற ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள், பெரும்பாலும் காகிதத்தில் படம் வரைந்து வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். ஆனால் கருவி ஓடுகிறது என்பதோடு பாதிதான் முடிந்திருக்கிறது. அதை யார் வாங்குவார், எந்த வழியாக அவர் கைக்குப் போகும், என்ன விலையில் போனால் உங்களுக்கும் மிஞ்சும் என்பதையும் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கும் அதே அளவு மூளையும் பொறுமையும் ஆகும். பொருள் செய்து ஜெயித்தவர்கள் கதை எதை எடுத்துப் பார்த்தாலும் இப்படி இரண்டாவதாக ஒரு கண்டுபிடிப்பு உள்ளே இருக்கும், பேப்பரில் அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டார்கள்.

டப்பர்வேர் கதையைப் பாருங்கள். எர்ல் டப்பர் என்ற அமெரிக்கர், டூபான்ட் கம்பெனியில் மிஞ்சிய, நாற்றமடிக்கிற பாலிஎத்திலீன் கட்டியை வாங்கி, அதைச் சுத்தப்படுத்தி, வளையக்கூடிய, உடையாத கிண்ணம் செய்தார். பெயின்ட் டப்பா மூடி எப்படிக் காற்றுப் போகாமல் இறுகுகிறது என்று பார்த்து அதே மாதிரி மூடியும் போட்டார். 1946இல் கடைக்கு வந்தது. பொருளில் ஒரு குறையும் இல்லை, ஆனால் கடை அலமாரியில் அப்படியே கிடந்தது. காரணம் ரொம்ப எளிது. மூடியை நடுவில் அழுத்தி, ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூட வேண்டும், அது பார்த்தவுடன் யாருக்கும் தெரியாது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். பிரவுனி வைஸ் என்ற பெண்மணி அதைப் புரிந்துகொண்டு, வீடுகளில் பெண்களைக் கூட்டி, நேரில் செய்து காட்டி விற்றார், விற்பனை எகிறியது. 1951இல் டப்பர் அவரையே விற்பனைப் பொறுப்பில் அமர்த்தி, கடைகளிலிருந்து பொருளை மொத்தமாக எடுத்துவிட்டார். வீட்டு விற்பனை மட்டும்தான் என்றானது. கிண்ணத்தைக் கண்டுபிடித்தவர் டப்பர், தொழிலைக் கண்டுபிடித்தவர் பிரவுனி வைஸ். (1958இல் அந்த அம்மாவைக் கம்பெனியை விட்டு அனுப்பிவிட்டு, அதே வருடம் 1.6 கோடி டாலருக்குக் கம்பெனியை விற்றார் டப்பர். அந்த அம்மாவிடம் ஒரு பங்குகூட இல்லை. கூட்டாளி சேர்க்கும்போது யாருக்கு எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.)

நம்ம ஊர்க் கதை இன்னும் நெருக்கமானது. அருணாசலம் முருகானந்தம், கோவைக்காரர், 2016இல் பத்மஸ்ரீ வாங்கியவர். மனைவி மாதவிடாய்க்குப் பழந்துணி பயன்படுத்துவதைப் பார்த்துவிட்டு, மலிவாக நாப்கின் செய்யக் கிளம்பினார். முதலில் பஞ்சில் செய்தார், உறிஞ்சவில்லை. உள்ளே இருப்பது பஞ்சே இல்லை, மரக்கூழிலிருந்து எடுக்கிற செல்லுலோஸ் என்று தெரிந்துகொள்ளவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதைச் செய்கிற வெளிநாட்டு இயந்திரம் கோடிக்கணக்கில் விலை. அதே வேலையை, அரைப்பது, அச்சில் அழுத்துவது, ஒட்டுவது, கிருமி நீக்குவது என்று தனித்தனிப் படிகளாகப் பிரித்து, ஒரு லட்சத்துக்கும் குறைவான விலையில் சின்ன இயந்திரங்களாகச் செய்தார். அந்த இடத்தில் அவர் எடுத்த முடிவுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நாப்கினை பிராண்ட் போட்டு விற்கப் போகவில்லை, பெரிய கம்பெனிக்கு உரிமையை விற்கவும் இல்லை. இயந்திரத்தைப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்கு விற்றார். அந்தந்த ஊர்ப் பெண்களே செய்து, அந்தந்த ஊரிலேயே விற்றார்கள். கடைக்காரரிடம் கேட்கக் கூச்சப்படுகிற ஒரு பொருளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கூச்சமில்லாமல் வாங்கலாம். விளம்பரச் செலவும், டீலர் மார்ஜினும், லாரி வாடகையும் மொத்தமாகக் குறைந்தது.

உங்கள் கருவிக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் விற்கப் போவது எதை? வீட்டுச் சமையலறைக்கு 500 ரூபாய்க் கருவியா? தினமும் 10 கிலோ உரிக்கிற சாப்பாட்டுக் கடைக்கும் சமையல் கான்ட்ராக்டருக்கும் 6,000 ரூபாய்க் கருவியா? இல்லை, உங்கள் ஊரைச் சுற்றி விளைகிற வெங்காயத்தை உரித்து பாக்கெட் போட்டு நகரத்துக்கு அனுப்பப் போகிறீர்களா, அந்தக் கருவியை யாருக்கும் விற்காமலே? மூன்றும் வேறு வேறு தொழில். முதலாவதற்கு லட்சக்கணக்கில் செலவாகிற மோல்டு வேண்டும், ஆயிரக்கணக்கில் விற்க வேண்டும். இரண்டாவதை எஃகுத் தகட்டிலும் குழாயிலும் வெல்டிங் பட்டறையில் ஒவ்வொன்றாகவே செய்யலாம், 20 விற்றாலே கையில் காசு பார்க்கலாம். மூன்றாவதில் நீங்கள் விற்பது வெங்காயம், கருவி உங்கள் ரகசியம். என் அபிப்பிராயம் கேட்டால், இரண்டாவதில் ஆரம்பியுங்கள். தினமும் உரித்து உரித்து விரல் நுனி கறுத்துப்போன சமையல்காரர், கருவி சரியாக வேலை செய்தால் அன்றைக்கே பணம் எடுத்து வைப்பார். வீட்டில் வாரத்துக்கு இரண்டு தடவை உரிக்கிறவர் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அரிவாள்மனையை எடுத்துக்கொள்வார்.

"நல்லாத்தான் இருக்கு" என்கிற இந்த வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். எங்கள் பொருளுக்கு நான் இதை நம்பித்தான் ஒரு வருடம் வீணாக்கினேன். அது சமையல் மேடையின் விளிம்பில் கவ்விப் பிடித்துக்கொள்கிற தேங்காய்த் துருவி. காட்டிய எல்லோருமே பாராட்டினார்கள். அப்புறம் ஒரு நாள் என் பெரியம்மா வீட்டில் பெட்டியோடு மேடையில் வைத்துவிட்டு, எப்படிப் பிடிப்பது என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல், தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். பெரியம்மா பிடியைத் தலைகீழாக மாட்டினார். திருகை இடது பக்கம் திருப்பினார். கைப்பிடியைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் விரல் முட்டி சுவரில் இடித்தது, ஏனென்றால் எங்கள் வீட்டு மேடை அகலம், அவர்கள் வீட்டு மேடை குறுகல். நான் என் வீட்டு மேடைக்கு அளவெடுத்து வரைந்திருந்தேன். கைப்பிடியை 3 செ.மீ. குறைத்தது அந்த ஒரு மதியத்தால்தான்.

அதனால் மோல்டு, லோன் என்று எதற்கும் போகாமல், முதலில் கையாலேயே ஐந்தோ ஆறோ கருவி செய்யுங்கள். 3டி பிரின்ட் போடலாம், இருக்கிற டப்பாவை வெட்டி ஒட்டலாம், அழகு முக்கியமில்லை. தெரியாத ஆட்களிடம் கொடுங்கள். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். கட்டை விரல் எங்கே போகிறது, எந்த இடத்தில் நின்று யோசிக்கிறார், ஈர வெங்காயத்துக்கும் காய்ந்த வெங்காயத்துக்கும் ஒரே மாதிரி வருகிறதா, உள்ளே ஒட்டுகிற தோலைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகிறது. சமையலறைச் சாமான் பரண் மேல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கழுவுவது கஷ்டம் என்பதுதான், வேலை செய்யவில்லை என்பது அதற்கு அப்புறம்தான். பத்து நாள் கழித்துப் போய்க் கருவியைத் திரும்பக் கேளுங்கள். "வெச்சுட்டுப் போங்க, எவ்வளவுன்னு சொல்லுங்க" என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை நம்பலாம்.

சரி, பேடன்ட். காப்புரிமை வேண்டுமா என்றால் வேண்டும், ஆனால் வீட்டில் சொல்வது மாதிரி அது லாட்டரிச் சீட்டு இல்லை. முதலில் இரண்டு சாயந்திரம் உட்கார்ந்து, கூகுள் பேடன்ட்ஸிலும் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலும் வெங்காயம், பூண்டு உரிக்கிற கருவிகளைத் தேடுங்கள், இலவசம்தான். காற்றழுத்தத்தில் உரிப்பது, ரப்பர் உருளையில் தேய்ப்பது என்று நிறைய இருக்கும். உங்களுடையதில் எது புதுசு என்று இரண்டு வரியில் எழுத முடிகிறதா பாருங்கள். முடிந்தால், தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். தனி ஆளுக்கு ஆன்லைனில் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான், எழுதித் தரும் ஏஜென்ட் கட்டணம் தனி. அந்தத் தேதியிலிருந்து முழு விண்ணப்பம் கொடுக்க 12 மாதம் இருக்கிறது, அந்த ஒரு வருடத்தில்தான் மேலே சொன்ன பரிசோதனையெல்லாம் செய்து முடிக்க வேண்டும். விண்ணப்பித்தால் மட்டும் போதாது, பரிசீலனைக்கென்று தனியாக மனு போட வேண்டும், முதல் விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்து 31 மாதத்துக்குள், இதை மறந்து கோட்டை விட்டவர்கள் உண்டு. கிடைத்தால் 20 வருடம் செல்லும், இந்தியாவுக்குள் மட்டும். "உலகப் பேடன்ட்" என்று ஒன்று கிடையாது, அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

மிக முக்கியமாக, விண்ணப்பிக்கும் முன்பு யூடியூபிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ கருவியின் உள்ளே இருப்பதைக் காட்டாதீர்கள். நீங்களே வெளியிட்டது உங்கள் புதுமைக்கே எதிரான சாட்சியாகிவிடும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் அதை ஏஜென்டிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வெளித்தோற்றத்துக்கு டிசைன் பதிவும் தனியாக உண்டு, முதலில் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5. பெயருக்கு டிரேட்மார்க். சமையலறைச் சாமானைப் பொறுத்தவரை நல்ல பெயரும் நல்ல டிசைன் பதிவும் பல நேரம் பேடன்டைவிட அதிகம் உதவுகின்றன என்பது என் அனுபவம்.

காப்புரிமை என்பது வழக்குப் போடுகிற உரிமை, அந்த வழக்கை நடத்துகிற செலவு நம்முடையது. விட்டு விட்டு ஓடுகிற கார் வைப்பரைக் கண்டுபிடித்த ராபர்ட் கேர்ன்ஸ் ஃபோர்டு கம்பெனி மீது 1978இல் வழக்குப் போட்டார், 1990இல்தான் தீர்ந்தது. ஒரு கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கையில் பெரும்பகுதி நீதிமன்றத்திலேயே போய்விட்டது.

அடுத்தது "பெரிய கம்பெனிக்குக் கொடுத்துவிடு". இதற்கு ஜேம்ஸ் டைசன் கதையைத்தான் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் அவர் செய்த பொருள் சக்கரத்துக்குப் பதில் பந்து வைத்த தள்ளுவண்டி. நன்றாக விற்றது, ஆனால் காப்புரிமையைத் தன் பெயரில் வைக்காமல் கம்பெனி பெயரில் எழுதிக் கொடுத்திருந்தார். 1979இல் பங்குதாரர்கள் அவரை வெளியேற்றினார்கள், வண்டியின் உரிமையும் அவரோடு வரவில்லை. அப்புறம்தான் பை இல்லாத வாக்யூம் கிளீனர். மர அறுவை மில்லில் தூசியைச் சுழற்றிப் பிரிக்கிற கூம்பைப் பார்த்து, அதையே சின்னதாகச் செய்ய முடியுமா என்று ஆரம்பித்து, 5,127 மாதிரிகள் செய்தார். 5,127ஆவதுதான் சரியாக வந்தது, ஐந்து வருடம். அந்தக் காலத்தில் அவர் மனைவி ஓவியம் கற்றுக்கொடுத்த வருமானம் குடும்பத்தைத் தாங்கியது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்வாராம், அப்போதுதான் எது காரணம் என்று தெரியும். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டால் போதும்.

கருவி வந்தபிறகு ஐரோப்பாவின் பெரிய கம்பெனிகளிடம் உரிமையை விற்கப் போனார். யாரும் வாங்கவில்லை. அவர்கள் தூசிப் பை விற்றும் வருடா வருடம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள், பையே வேண்டாம் என்கிற கருவியை எதற்கு வாங்க வேண்டும்? கடைசியில் ஒரு ஜப்பான் கம்பெனி வாங்கி, ரோஸ் நிறத்தில் மிக உயர்ந்த விலைக்கு விற்றது. அந்த ராயல்டியும், வீட்டை அடமானம் வைத்த வங்கிக் கடனும் சேர்த்துத்தான் 1993இல் சொந்தமாகத் தயாரிப்பை ஆரம்பித்தார். தூசி சேர்கிற பாத்திரம் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும்படி இருந்தது. குப்பையை யாரும் பார்க்க விரும்ப மாட்டார்கள் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். அவர் மாற்றவில்லை. வீட்டில் இவ்வளவு தூசியா என்று ஜனங்கள் அதைப் பார்த்துத்தான் வாங்கினார்கள், இரண்டு வருடத்துக்குள் பிரிட்டனில் அதிகம் விற்றது அதுதான்.

இதில் உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: பெரிய கம்பெனி யோசனையை வாங்குவது அபூர்வம், விற்று ஓடிக்கொண்டிருக்கிற பொருளை வாங்கும். அதுவும் உங்கள் பொருள் அவர்களுடைய இன்னொரு வருமானத்தைக் கெடுக்காமல் இருந்தால். போய்ப் பேசுங்கள், தவறில்லை, ஆனால் 300 கருவி விற்ற பில் புத்தகத்தோடு போங்கள். காப்புரிமை உங்கள் சொந்தப் பெயரிலேயே இருக்கட்டும், கம்பெனிக்கு உரிமம் மட்டும் கொடுங்கள்.

இனி என் துறைக்கு வருகிறேன். கையால் செய்த கருவி வேறு, மோல்டில் வருகிற கருவி வேறு. பிளாஸ்டிக் பாகம் அச்சிலிருந்து கழன்று வர ஓரங்களில் ஒரு டிகிரியாவது சரிவு வேண்டும், சுவர் தடிமன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரு இடம் மட்டும் தடித்தால் ஆறும்போது குழி விழும். உள்பக்கமாக வளைந்த கொக்கி ஒன்று வைத்தீர்கள் என்றால் மோல்டில் பக்கவாட்டில் நகரும் பாகம் வைக்க வேண்டிவரும், அந்த ஒரு கொக்கிக்கே செலவு எக்கச்சக்கமாக ஏறும். அதனால் டிராயிங்கை முடிவு செய்யும் முன்பே ஒரு டூல் ரூம் ஆளிடம் காட்டுங்கள், மோல்டு ஆர்டர் கொடுக்கும் நாளில் காட்டுவது ரொம்பத் தாமதம். முடிந்த அளவு கடையில் ரெடியாகக் கிடைக்கிற பாகங்களைப் பயன்படுத்துங்கள், பேரிங், ரப்பர் வாஷர், ஸ்க்ரூ எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். கோவை வெட் கிரைண்டரைப் பாருங்கள். கல் ஒரு இடம், மோட்டார் ஒரு இடம், டிரம் ஒரு இடம் என்று வாங்கிச் சேர்த்துத்தான் எத்தனையோ சின்னக் கம்பெனிகள் அதில் வளர்ந்தன. புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது அந்தக் கிரைண்டர்.

என் தேங்காய்த் துருவி எங்கே விழுந்தது என்று சொல்கிறேன். மேடையைக் கவ்வும் பிடிக்குக் கண்ணாடி இழை 30 சதவீதம் கலந்த நைலான் என்று முடிவு செய்து, மாதிரி வாங்கி, முறுக்கிப் பார்த்து, திருப்தியாகி, ஒரு மோல்டரிடம் 1,200 பிடி ஆர்டர் கொடுத்தேன். வந்தது, நிறம் அதே, பளபளப்பு அதே. விற்றேன். இரண்டாம் மாதத்திலிருந்து பிடி உடைந்தது என்று போன். மொத்தம் 170 திரும்பி வந்தன. ராத்திரி உட்கார்ந்து, முதல் மாதிரியையும் உடைந்ததையும் தங்கம் நிறுக்கிற சின்னத் தராசில் வைத்தேன். மாதிரி 41 கிராம். உடைந்தது 38. இழை குறைந்தால் எடை குறையும், மூன்று கிராமில் மொத்தக் கதையும் தெரிந்துவிட்டது, விலை குறைந்த சரக்கைக் கலந்திருக்கிறார்கள். கேட்டதற்கு, "பர்ச்சேஸ் ஆர்டரில் நைலான் என்றுதானே போட்டிருக்கிறீர்கள்" என்றார். உண்மைதான், நான் கிரேடு எழுதவில்லை. 170 பேருக்கும் புதுப் பிடி அனுப்பினேன், மீதி ஸ்டாக்கை உடைத்துப் போட்டேன், மனைவியின் நகை ஆறு மாதம் அடகில் இருந்தது.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. பிளாஸ்டிக் மூலப்பொருளை மூட்டையாக நானே வாங்கிக் கொடுத்து, மோல்டருக்கு ஜாப் வொர்க் கூலி மட்டும் தருவேன். ஒப்புக்கொண்ட மாதிரியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு லாட்டிலும் 20 எடுத்து நிறுப்பேன், இரண்டை உடையும் வரை முறுக்குவேன். மோல்டு என் சொத்து, கேட்ட அன்று எடுத்துக்கொள்வேன் என்று எழுதி வாங்கிவிடுவேன். உங்களுடையது உணவு படும் பாத்திரம் என்பதால் உணவுத் தரப் பிளாஸ்டிக்தானா என்ற பரிசோதனையும் வேண்டும், சென்னை கிண்டியில் இருக்கிற சிபெட் (மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்) மாதிரி இடங்களில் செய்து தருவார்கள்.

விலைக்கு வருவோம், நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வீட்டுக் கருவியாகவே விற்கிறீர்கள், எம்ஆர்பி 499, ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 350க்கு எடுப்பார். அவருக்குக் கொடுக்கிற டிஸ்டிரிபியூட்டர் உங்களிடம் 318க்கு எடுப்பார். அதில் வரி போனால் உங்கள் கைக்கு வருவது சுமார் 270. பாகங்களும் கூலியும் 130, பெட்டி 18, லாரி 12, உடைசலுக்கு மாற்றிக் கொடுப்பது 8, ஆக 168. மிச்சம் 102. நான்கு மோல்டுக்கு 7 லட்சம் போட்டிருந்தால், முதல் 10,000 கருவிக்கு ஒவ்வொன்றின் தலையிலும் 70 ரூபாய். மீதி 32 ரூபாயில்தான் வாடகை, சம்பளம், வட்டி, விளம்பரம். தயாரிப்புச் செலவு எம்ஆர்பியில் நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் கடை வழியாக விற்பது கஷ்டம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். "130க்குச் செய்கிறேன், 200க்கு விற்றால் 70 லாபம்" என்ற கணக்கு உங்கள் தெருவுக்குள் மட்டும் செல்லும்.

ஆன்லைனில் விற்றால் இடைத்தரகு மிச்சம் என்று நினைப்பீர்கள். கமிஷன் ஒரு பக்கம் இருக்கட்டும், கூரியர்க்காரர் எடையைவிட இடத்துக்குத்தான் காசு வாங்குவார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பார்கள், அது நிஜ எடையைவிட அதிகமாக இருந்தால் அதுதான் கணக்கு. உங்கள் கருவியில் வெங்காயம் சுற்றுகிற டிரம் ஒன்று இருக்கும், அது 25க்கு 25க்கு 20 பெட்டியில் போனால் 12,500, வகுத்தால் இரண்டரை கிலோ! கருவி 700 கிராம்தான் இருக்கும், கட்டுவது இரண்டரை கிலோவுக்கு. கைப்பிடியும் அடித்தட்டும் டிரம்முக்குள்ளேயே போகிற மாதிரி வரைந்து பெட்டியைச் சுருக்கினால், அந்த ஒரு மாற்றமே உங்கள் லாபத்தைக் காப்பாற்றும். இதை மோல்டு செய்யும் முன்புதான் செய்ய முடியும்.

பணம். முதலில் சொந்தப் பணத்தில், 50,000க்குள், மாதிரிகளும் தற்காலிக விண்ணப்பமும் முடிந்துவிடும். மாதிரி செய்வதற்கு என்றே மத்திய அரசின் நிதி பிரயாஸ் திட்டத்தில் 10 லட்சம் வரை மானியம் உண்டு, அதை நடத்துகிற இன்குபேட்டர் (புதுத் தொழில்களை வளர்த்துவிடுகிற மையம்) வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு தருகிற டான்சீட் மானியத்துக்கும் அவ்வப்போது அழைப்பு வரும். சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இலவசம், முதல் நாளே போட்டுவிடுங்கள், ஏஜென்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். உத்யம் பதிவு இருக்கிற சிறு உற்பத்தியாளருக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். இருந்தாலும் டீலர் கடன் 60 நாள், 90 நாள் என்று இழுக்கும். விற்பனை ஏற ஏறக் கையில் காசு இறுகும், அப்போது பயந்துவிடாதீர்கள், ஆனால் ஒரே டீலரிடம் மொத்தச் சரக்கையும் கொடுத்துவிடாதீர்கள். வேலையை விட்டுவிட்டு முழுதாக இறங்கலாமா என்று கேட்பீர்கள். மாதா மாதம் தெரியாத ஆட்களிடமிருந்து ஆர்டர் வருகிறவரை விடாதீர்கள்.

இன்னொன்று, பெட்டிக்குள் உங்கள் போன் நம்பர் அச்சிட்ட சீட்டு ஒன்று வையுங்கள். எம்ஆர்பி, தயாரித்த மாதம், முகவரி, புகாருக்குத் தொடர்பு எல்லாம் பெட்டி மேல் போடச் சட்டமே சொல்கிறது, நான் சொல்வது அதற்கும் மேலே. முதல் 500 பேரின் போனை நீங்களே எடுங்கள். போன மாதம் தேனியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். என் துருவியை வாங்கி நாலு வருடம் ஆகிறதாம், பல் மழுங்கிவிட்டது, பல் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டார். அதுவரை பல் தனியாக விற்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கு டிராயிங் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உங்கள் கேள்வியைப் பார்த்தேன், தம்பி. கோவைப் பக்கம் வந்தால் கருவியை எடுத்துக்கொண்டு வாருங்கள், கூடவே ரெண்டு கிலோ காய்ந்த வெங்காயமும் ரெண்டு கிலோ ஈர வெங்காயமும் கொண்டு வாருங்கள், இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு மோல்டைப் பற்றிப் பேசுவோம்.